எம்.டி.ஆர். டி.பி. மாத்திரையோடு கூடுதலாக ஏதாவது சேர்க்கலாமா? வெற்று மாத்திரை கொடுத்த ஆய்வு பற்றியும் ஒரு கேள்வி

கள்ளிக்குடி_செல்வி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 29 வயது. ஸ்பின்னிங் மில் வேலை. முதல் தடவை டி.பி. வந்தபோது உடம்பு தேறிவிட்டது என்று நாலாவது மாதத்தோடு மாத்திரையை நிறுத்திவிட்டான். இரண்டு வருடம் கழித்துத் திரும்ப இருமல். சளியைச் சிபிநாட் என்ற கிருமிச் சோதனை மெஷினில் போட்டதில், டி.பி.க்கு முக்கியமான ரிஃபாம்பிசின் மருந்து கேட்காது என்று வந்தது. முக்கிய மருந்துகளுக்கு அடங்காத இந்த மாதிரி டி.பி.யைத்தான் எம்.டி.ஆர். என்கிறார்கள். இப்போது பெடாகுயிலின், பிரிட்டோமானிட், லைன்சோலிட், மாக்சிஃப்ளாக்சசின் என்று நாலு மருந்து. ஏழு வாரம் ஆகிறது. 41 கிலோ இருந்தவன் 43 வந்திருக்கிறான்.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பெரியப்பா ஒரு பொடி வாங்கி வந்திருக்கிறார், 4,800 ரூபாய். இங்கிலீஷ் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் எம்.டி.ஆர். பாதி நாளில் போய்விடுமாம். சித்தி மகள் வைட்டமின் டி ஊசி போடச் சொல்கிறாள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பெடாகுயிலினைச் சோதித்தபோது பாதி நோயாளிகளுக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு உயிருக்குப் போராடுகிற ஆளுக்கு வெற்று மாத்திரை கொடுப்பார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_கோப்பு

செல்வி அம்மா, உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். டி.பி. மருந்து ஆய்வுகளில் 22 வருடம் வேலை பார்த்தவன் நான். வீடு வீடாகப் போய்ச் சளி டப்பா வாங்குவது, மீதி மாத்திரையை எண்ணுவது, கோப்பில் எழுதுவது, இதுதான் என் வேலை. வெற்று மாத்திரை என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கோபத்தில் தப்பே கிடையாது. நாங்கள்தான் சரியாக விளக்கவில்லை.

நீங்கள் படித்த ஆய்வில் வெற்று மாத்திரையை மட்டும் நம்பி யாரும் இருக்கவில்லை. 160 பேர். அத்தனை பேருக்கும் அன்றைய எம்.டி.ஆர். சிகிச்சை முழுதாக நடந்தது, ஐந்து மருந்துகள், ஊசி உட்பட. அதற்கு மேலே பாதிப் பேருக்குப் பெடாகுயிலின், மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. 24 வாரம் கழித்துப் பார்த்தால் பெடாகுயிலின் சேர்த்தவர்களில் 79 சதவீதம் பேருக்குச் சளி கல்ச்சரில் கிருமி வளரவில்லை. மற்றப் பக்கம் 58 சதவீதம். உங்கள் தம்பி இன்று விழுங்கும் மாத்திரை அந்த வித்தியாசத்தில்தான் உள்ளே வந்தது.

ஏன் பெடாகுயிலினை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்க்கவில்லை? டி.பி.யில் அது கூடாது. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற டி.பி. ஊசி வந்த புதிதில் பிரிட்டனில் 107 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 1948-இல் முடிவு வெளியானது. 55 பேருக்கு ஊசியும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் ஊசி போட்டவர்களில் 4 பேர் இறந்தார்கள், மற்றவர்களில் 14 பேர். பெரிய வெற்றி என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் தனி மருந்தாகக் கொடுத்ததால் பல பேருடைய கிருமி அந்த ஊசிக்குப் பழகிவிட்டது. ஐந்து வருடம் கழித்துக் கணக்கெடுத்தபோது இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் மிஞ்சவில்லை. அப்புறம் பாஸ் என்ற மருந்தைக் கூடச் சேர்த்தார்கள். கிருமி பழகுவது வெகுவாகக் குறைந்தது. டி.பி. வைத்தியத்தில் 'கூடச் சேர்ப்பது' என்ற யோசனையே அங்கேதான் பிறந்தது.

காரணம் எண்ணிக்கை. நுரையீரலில் குழி விழுந்த ஒருவரின் உடம்பில் கோடிக்கணக்கில் கிருமி இருக்கும். அதில் ஐசோநயாசிட் என்ற டி.பி. மருந்துக்கு அடங்காதது பத்து லட்சத்தில் ஒன்று, ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது பத்துக் கோடியில் ஒன்று என்ற அளவில் மருந்தைப் பார்க்கும் முன்பே தானாக இருக்கும். ஒரு மருந்து மட்டும் கொடுத்தால் மற்றதெல்லாம் செத்து இந்த அடங்காத கூட்டம் மட்டும் பெருகும். இரண்டுக்கும் சேர்ந்து அடங்காத கிருமி இருப்பது மிக மிக அரிது. அதனால்தான் கூட்டு மருந்து.

ஆறாம்_மாதம்

பழைய கோப்பு ஐயா சொன்னது என் உடம்பிலேயே நடந்தது. பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. எம்.டி.ஆர். என்று தெரியாமலே சாதா டி.பி. மருந்தில் இருந்தேன். உடம்பு இறங்கிக்கொண்டே போனது. தனியாகப் பார்த்த ஒரு டாக்டர், பழைய மருந்து அப்படியே இருக்கட்டும், கூட இதையும் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஆஃப்லாக்சசின் எழுதினார். மூன்று வாரம் காய்ச்சல் நின்றது. கோயிலுக்குப் போய் மொட்டை போட்டோம். பிறகு திரும்ப வந்தது. அடுத்த கல்ச்சரில் ரிஃபாம்பிசின், ஐசோநயாசிட்டோடு ஆஃப்லாக்சசினும் கேட்காது என்று வந்துவிட்டது. முன்னது இரண்டும் வேலை செய்யாத உடம்பில் ஆஃப்லாக்சசின் தனி ஆளாகத்தான் நின்றிருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் அம்மா அதைப் படம் போட்டுக் காட்டியபோதுதான் எனக்குப் புரிந்தது.

அப்புறம் மாதக்கணக்கில் கானமைசின் ஊசி. இடது காது போனது போனதுதான். புது மாத்திரைகள் கிடைத்த பிறகுதான் பிழைத்தேன்.

செல்வி, உங்கள் தம்பிக்கு யாராவது ஒரே ஒரு ஆன்டிபயாடிக்கை 'கூடச் சேர்த்துப் பார்க்கலாம்' என்று சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

ஆடாதோடை

செல்வி அக்கா, நான் சித்த மருத்துவம் படித்தவன். பெரியப்பா வாங்கிவந்த பொடியை நான் ஆதரிக்கவில்லை. என்ன கலந்திருக்கிறது என்று அட்டையில் இல்லாத பொருளை யாரும் சாப்பிடக் கூடாது. ஆனால் நம் மருந்துகளை ஒரேயடியாகத் தள்ளுவதும் சரியில்லை. சளி கரைய டாக்டர்கள் எழுதும் ப்ரோம்ஹெக்சின் ஆடாதோடையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளிலிருந்து உருவாக்கப்பட்டது. மிளகிலும் திப்பிலியிலும் இருக்கும் பைப்பரினை ரிஃபாம்பிசினோடு சேர்த்து இந்தியாவிலேயே ஒரு கூட்டு மாத்திரை வந்திருக்கிறது. ஜம்முவில் உள்ள அரசு ஆய்வு நிறுவனத்தின் வேலை அது. வழக்கமாக 450 மில்லிகிராம் கொடுக்கும் இடத்தில் 200 மில்லிகிராம் ரிஃபாம்பிசினே போதும் என்ற அளவுக்கு உடம்பில் ஏறவைக்கிறது பைப்பரின். சேர்ப்பு மருந்துக்கு இதைவிட நல்ல உதாரணம் என்ன?

பழைய_கோப்பு

தம்பி, நல்ல உதாரணம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் அந்த உதாரணம் செல்வியின் தம்பிக்குப் பொருந்துமா என்று பாருங்கள். பைப்பரின் ரிஃபாம்பிசினை ரத்தத்தில் ஏற்றிவிடுகிறது. அவருடைய கிருமி ரிஃபாம்பிசினுக்கே அடங்காது. இரண்டு மடங்கு ஏற்றினாலும் பயனில்லை.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். திப்பிலி ஒரு மருந்தை ரத்தத்தில் அதிகம் ஏற்றுகிறது என்றால் மற்ற மருந்தையும் ஏற்றலாம். பெடாகுயிலின் ஈரலில் ஒரு குறிப்பிட்ட நொதியால் சிதைகிறது. அந்த நொதியைத் தட்டி எழுப்பும் ரிஃபாம்பிசினோடு கொடுத்தால் பெடாகுயிலின் அளவு பாதியாகக் குறையும். நொதியை அமுக்கும் பொருளோடு கொடுத்தால் அளவு கூடும். கூடினால் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் பிசகு வரலாம். இதற்காகத்தான் இவர்களுக்கு அடிக்கடி ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். நீங்கள் சொல்லும் மூலிகைகளை இந்த நாலு மருந்தோடு சேர்த்து அளந்து பார்த்து, இவ்வளவு கொடுத்தால் இவ்வளவு ஏறுகிறது என்று ஒருவர் காட்டட்டும். முதல் ஆளாக நான் வரவேற்பேன்.

ஆடாதோடை

சரி ஐயா, அது நியாயம். அளந்து பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. செல்வி அக்கா, நாலு மருந்து முடியும் வரை பொடி, லேகியம் எதுவும் வேண்டாம். கஷாயம் ஏதாவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் டி.பி. டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

எண்ணிப்பார்

வைட்டமின் டி பற்றி நான் சொல்கிறேன். புள்ளியியல் படிக்கிறேன், இந்த ஆய்வுகளை வகுப்பிலேயே அலசினோம்.

பழைய காலத்தில் டி.பி. நோயாளிகளை வெயிலில் படுக்க வைத்தார்கள் அல்லவா? வைட்டமின் டி கிருமியை எதிர்க்கும் அணுக்களைத் தூண்டும் என்பது சோதனைக் குழாயில் தெரிந்த விஷயம். ஆக நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இடம்பெற்ற ஓர் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. இந்தியாவில் 247 நோயாளிகள், பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு வைட்டமின் டி, பாதிப் பேருக்கு வெற்று மருந்து. சளியில் கிருமி மறைய வைட்டமின் டி பக்கம் 43 நாள், வெற்று மருந்துப் பக்கம் 42 நாள். ஒன்றுமே இல்லை.

இது சாதா டி.பி. கணக்கு. 2019-இல் எட்டு ஆய்வுகளின் 1,850 பேரை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். மொத்தத்தில் பலன் இல்லை. ஆனால் எம்.டி.ஆர். ஆட்களை மட்டும் பிரித்தபோது வைட்டமின் டி சேர்த்தவர்களுக்குச் சளி வேகமாகத் தெளிந்தது போல வந்தது. எவ்வளவு வேகம் என்றால், 13 மடங்கு! இந்த எண்ணைப் பார்த்துத் துள்ளிக் குதிப்பதற்குள் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் பார்க்க வேண்டும். உண்மை அளவு 3 மடங்காகவும் இருக்கலாம், 60 மடங்காகவும் இருக்கலாம் என்று அதே கட்டுரை சொல்கிறது. இவ்வளவு அகலமான இடைவெளி வந்தால் பிரித்தெடுத்த கூட்டத்தில் ஆட்கள் மிகக் குறைவு என்று அர்த்தம். கேள்வியைத் திறந்துவைக்க இது போதும், ஊசி போட இது போதாது.

மருந்துக்கடை_மேலூர்

வைட்டமின் டி கேட்பவர்களுக்குக் கடையில் நாங்கள் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் கால்சியம், ஜிங்க் கலந்த மாத்திரைதான். இதைச் செல்வி அக்கா கட்டாயம் கவனிக்க வேண்டும். மாக்சிஃப்ளாக்சசினோடு இரும்புச்சத்து, ஜிங்க், அல்சருக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து (அதில் மெக்னீசியமும் அலுமினியமும் இருக்கும்) சேர்ந்தால் வயிற்றிலேயே ஒட்டிக்கொள்ளும். மருந்து ரத்தத்துக்குப் போகாது. மாக்சி போட்டு நாலு மணி நேரம் கழித்து இவற்றைச் சாப்பிடலாம், அல்லது இவற்றைச் சாப்பிட்டு எட்டு மணி நேரம் கழித்து மாக்சி. உடம்பு தேறட்டும் என்று ஆசையாக வாங்கிக் கொடுக்கும் சத்து மாத்திரை நாலில் ஒரு மருந்தை முடக்கிவிடும். நாலு என்று எண்ணிக்கொண்டிருப்போம், உள்ளே மூன்றுதான் வேலை செய்யும்.

பெடாகுயிலினும் பிரிட்டோமானிட்டும் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் பெடாகுயிலின் பாதி அளவுதான் ஏறும்.

கள்ளிக்குடி_செல்வி

ஐயோ. நாங்கள் காலையில் டீயோடு எல்லாவற்றையும் மொத்தமாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம். கூடவே ஜிங்க் மாத்திரையும். யாரும் சொல்லவில்லை. இன்றைக்கே மாற்றுகிறேன். அண்ணா, ரொம்ப நன்றி.

ஐயா, இன்னொரு சந்தேகம். அந்த ஆய்வில் பெடாகுயிலின் சாப்பிட்டவர்கள்தான் அதிகம் இறந்தார்கள் என்று ஒரு இடத்தில் பார்த்தேன். உண்மையா? நாங்கள் அதைத்தானே கொடுக்கிறோம்.

பழைய_கோப்பு

உண்மைதான் அம்மா. பெடாகுயிலின் பக்கம் 10 பேர், வெற்று மாத்திரைப் பக்கம் 2 பேர். சளி நன்றாகத் தெளிகிற பக்கத்தில் இறப்பு கூடுதல். ஒவ்வொரு இறப்பையும் தனித்தனியாக அலசினார்கள், மருந்தால்தான் என்று சொல்லும்படி ஒரு பொதுவான காரணம் அகப்படவில்லை. அமெரிக்காவில் 2012 டிசம்பரில் அனுமதி கொடுத்தபோதே அட்டையில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தார்கள். வெற்று மாத்திரைப் பக்கம் ஒன்று இருந்ததால்தான் இந்தச் சந்தேகமே எழுந்தது. எல்லோருக்கும் பெடாகுயிலின் கொடுத்திருந்தால் அந்தப் பத்துப் பேரும் நோய் முற்றி இறந்தார்கள் என்று எழுதிவிட்டுப் போயிருப்போம்.

பிற்பாடு தென்னாப்பிரிக்காவில் 19,000-க்கு மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். பெடாகுயிலின் சேர்ந்த சிகிச்சையில் இறந்தவர்கள் 12.6 சதவீதம், சேராததில் 24.8 சதவீதம். பயம் பெருமளவு அப்போதுதான் விலகியது.

எண்ணிப்பார்

இங்கே ஒரு சின்னத் திருத்தம் ஐயா. தென்னாப்பிரிக்கக் கணக்கு குலுக்கல் முறையில் பிரித்தது கிடையாது. யாருக்குப் பெடாகுயிலின் கொடுப்பது என்று டாக்டர்கள் முடிவு செய்தார்கள். கொஞ்சம் தெம்பாக இருந்தவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்திருக்க வாய்ப்புண்டு. எண்ணிக்கை பெரியது, அதனால் எனக்கும் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் 160 பேரின் குலுக்கலும் 19,000 பேரின் பதிவும் ஒரே தட்டில் வைக்கக் கூடியவை இல்லை.

சேர்த்துப் பார்க்கும் ஆய்வில் இன்னொரு சிக்கல் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. டெலாமனிட் என்ற இன்னொரு எம்.டி.ஆர். மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆய்வில் 481 பேர். இரண்டு மாதத்தில் சளி தெளிந்தவர்கள் டெலாமனிட் பக்கம் 45 சதவீதம், வெற்றுப் பக்கம் 30 சதவீதம். 2014-இல் ஐரோப்பாவில் அனுமதியும் கிடைத்தது. பிறகு 511 பேரை வைத்துப் பெரிய ஆய்வு நடத்தினார்கள், 2019-இல் வந்தது. சளி தெளிய டெலாமனிட் பக்கம் 51 நாள், வெற்றுப் பக்கம் 57 நாள். ஆறு மாதம் முடிந்தபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய 87 சதவீதம். நிரூபிக்கும் அளவுக்கு வித்தியாசம் இல்லை.

மருந்து மோசமா? நான் அப்படி நினைக்கவில்லை. அடியில் இருந்த சிகிச்சையே அதற்குள் நன்றாகிவிட்டது. நூற்றுக்கு 87 பேர் தேறும் சிகிச்சைக்கு மேலே ஒன்றை வைத்தால் அது உயர்த்திக் காட்ட இடம் எங்கே இருக்கிறது? சேர்ப்பு மருந்தை மட்டும் தனியாகப் படித்தால் போதாது, எதன் மேல் சேர்த்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

பழைய_கோப்பு

திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன் தம்பி. நீங்கள் டெலாமனிட் பற்றிச் சொன்ன அந்த மாதிரிச் சிக்கலால்தான் ஒன்றொன்றாகச் சேர்க்கும் முறையிலிருந்து முழுச் சிகிச்சையையும் மாற்றிப் பார்க்கும் முறைக்கு உலகம் வந்தது என்று எனக்குப் படுகிறது. செல்வியின் தம்பி எடுக்கும் நாலு மருந்துக் கூட்டு அப்படி வந்ததுதான். உஸ்பெகிஸ்தான், பெலாரஸ், தென்னாப்பிரிக்கா மூன்று நாடுகளில் 552 பேர். புதுக் கூட்டில் 89 சதவீதம் பேருக்கு நல்ல முடிவு, பழைய நீண்ட சிகிச்சையில் 52 சதவீதம். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது, 2024-இல் இந்தியா ஏற்றது.

நம் ஊர் ஆட்களின் பங்கும் இதில் உண்டு. சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-இல் தொடங்கியது. சானடோரியத்தில் படுக்க வைத்தவர்களும் வீட்டில் இருந்தே மாத்திரை சாப்பிட்டவர்களும் ஒரே மாதிரி தேறுகிறார்கள் என்று உலகத்துக்குக் காட்டியது அந்த இடம். இப்போதைய ஆய்வுகளிலும் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் நோயாளிகள் சேர்ந்திருக்கிறார்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினை 322 சாதா டி.பி. நோயாளிகளில் சேர்த்துப் பார்த்ததும் அவர்கள்தான். சளி சீக்கிரம் தெளியவில்லை, ஆனால் உடம்பின் அழற்சி குறைந்தது என்று இரண்டையும் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். பலிக்காத ஆய்வையும் வெளியிடுகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

ஆறாம்_மாதம்

செல்வி, தம்பிக்குப் பாதம் எரிகிறதா, விரல் மரத்துப்போகிறதா என்று வாரம் ஒரு முறை கேளுங்கள். லைன்சோலிட் செய்யும் வேலை அது. முதலில் 109 பேரில் இதைப் பெடாகுயிலின், பிரிட்டோமானிட்டோடு சேர்த்துப் பார்த்தபோது தினம் 1,200 மில்லிகிராம் கொடுத்தார்கள். பத்தில் ஒன்பது பேர் தேறினார்கள், ஆனால் பத்தில் எட்டுப் பேருக்கு நரம்புத் தொல்லை. அடுத்த ஆய்வில் 600 ஆகக் குறைத்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். 26 வாரம் 1,200 கொடுத்தவர்களில் 93 சதவீதம், 600 கொடுத்தவர்களில் 91 சதவீதம் தேறினார்கள். நரம்புத் தொல்லை 38-இலிருந்து 24 ஆகக் குறைந்தது. உங்கள் தம்பிக்கு இப்போது 600 கொடுப்பது அதனால்தான். எரிச்சல் வந்தால் அவராகவே நிறுத்திவிடக் கூடாது. சொன்னால் டாக்டர் அளவை மாற்றுவார். நான் சொல்லாமல் இரண்டு மாதம் பொறுத்துக்கொண்டேன், இன்னும் செருப்பில்லாமல் நடக்க முடியவில்லை.

கள்ளிக்குடி_செல்வி

அப்படியானால் கூடச் சேர்க்க உருப்படியாக எதுவுமே இல்லையா? பெரியப்பாவிடம் வெறும் கையோடு போய் நிற்க முடியாது. அவர் அன்பில்தான் வாங்கி வந்தார்.

பழைய_கோப்பு

இருக்கிறது அம்மா. சாப்பாடு.

ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளுக்கு மாதா மாதம் உணவுப் பை கொடுத்துப் பார்த்தார்கள், 2023-இல் முடிவு வந்தது. தினம் 1,200 கலோரி, 52 கிராம் புரதம் வருகிற மாதிரி அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய். சாதா டி.பி.க்கு ஆறு மாதம், எம்.டி.ஆர்.க்குப் பன்னிரண்டு மாதம். நோயாளிகளோடு ஒரே வீட்டில் இருந்தவர்களைத்தான் இரண்டாகப் பிரித்தார்கள். உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகள் எல்லோருக்குமே உணவு கொடுத்தார்கள், அதனால் அவர்கள் விஷயத்தில் ஒப்பிட மற்றப் பக்கம் கிடையாது (எண்ணிப்பார் தம்பி கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்). ஆனால் முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது.

உங்கள் தம்பி 41-இலிருந்து 43. கணக்குப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த 5 சதவீதம் ஏழு வாரத்திலேயே வந்துவிட்டது.

பெரியப்பாவிடம் சொல்லுங்கள், 4,800 ரூபாய்க்கு எத்தனை முட்டை, எவ்வளவு நிலக்கடலை, எவ்வளவு பருப்பு வரும் என்று. டி.பி. நோயாளிகளின் சாப்பாட்டுக்காக அரசு கொடுக்கும் 1,000 ரூபாயும் மாதம் உண்டு, வங்கிக் கணக்கில் ஏறுகிறதா என்று பாருங்கள், பல பேருக்கு ஆதார் இணைக்காமல் நின்றுபோயிருக்கும். வீட்டில் மற்றவர்களுக்கும் பரிசோதனை எடுத்தீர்களா?

எண்ணிப்பார்

கேட்கத்தான் வந்தேன் ஐயா, நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கள்ளிக்குடி_செல்வி

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பொடியைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டார். பெரியப்பாவுக்கு முதலில் வருத்தம்தான். எடைக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். மறுநாள் அவரே ஒரு தட்டு முட்டையும் அவித்த கடலையும் கொண்டு வந்தார்.

மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்கு மாற்றியாகிவிட்டது. ஜிங்க் நிறுத்தியாகிவிட்டது. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், திட்டவில்லை. பாதத்தில் லேசான எரிச்சல் இருப்பதைத் தம்பி எங்களிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறான், கேட்டதும்தான் சொன்னான். பார்த்துக்கொள்ளலாம், அடுத்த வாரம் ரத்தமும் ஈ.சி.ஜி.யும் எடுத்துவிட்டு வாருங்கள் என்றார்கள். அம்மாவுக்கும் எனக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. எடை 43.6. இரண்டாம் மாதக் கல்ச்சருக்குச் சளி கொடுத்திருக்கிறோம், முடிவு வர ஆறு வாரம் ஆகுமாம்.

மருந்துக்கடை அண்ணா, மாத்திரை போட்ட பிறகு பால் கொடுக்கலாமா, அதற்கும் நாலு மணி நேரம் விட வேண்டுமா?

மருந்துக்கடை_மேலூர்

பாலால் மாக்சிக்குப் பெரிய பாதிப்பு இல்லை, தாராளமாகக் கொடுங்கள். வெள்ளை அல்சர் மருந்து, இரும்பு, ஜிங்க் இந்த மூன்றைத்தான் தள்ளி வைக்க வேண்டும்.